டிவிக்கு முந்திய கோல்

திருச்சி தென்னூரில் ஜாவித்தும் ஜஹானாராவும் நடத்தும் மொபைல் கடையில் வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. டிஸ்ப்ளே உடைந்தது, பேட்டரி உப்பியது, சார்ஜர் செருகும் இடம் லூசானது எல்லாம் ஜாவித்தின் பக்கம். போன் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது என்றால் அது ஜஹானாராவின் மேஜைக்குப் போகும். ஜாவித் ஷார்ஜாவில் ஒன்பது வருஷம் போன் கடையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டிலிருந்த அவர் மனைவி ஜஹானாரா, கடை திறந்த இரண்டாம் நாளே லேப்டாப்பையும் நாலு கேபிளையும் எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாள். தெருவில் அவளுக்கு ‘சாஃப்ட்வேர் அக்கா’ என்று பெயராகிப் பதினொரு வருஷம் ஆகிறது.

அடுத்தவர் போனைத் தினமும் கையில் பிடிப்பவளுக்கு மனிதர்களைப் பற்றிச் சில விஷயங்கள் தெரிந்துவிடும். போட்டோ, மெசேஜ் பக்கம் அவள் எட்டிப் பார்க்கமாட்டாள். அதில் அவள் கண்டிப்பு. ஆனால் செட்டிங்ஸ் பக்கம் ஒன்றே போதும். காந்தி மார்க்கெட் வெங்காய மண்டிக்காரர் ஒருவர் அரை மணி நேரத்துக்குள் பதினாறு அலாரம் வைத்திருந்தார். ஒரு நர்ஸ் போனில் டார்ச் ஆப் மட்டும் மூன்று. போனிலேயே டார்ச் இருப்பதைக் காட்டியதும் அந்தம்மா சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்த மற்றவர்களும் சிரித்துவிட்டார்கள். அப்டேட் போட்டால் போன் படுத்துவிடும் என்று நாலு வருஷமாக ‘பிறகு’ என்பதையே அழுத்தி வருகிறவர்கள் உண்டு. நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லா ஆப்பையும் மேலே தள்ளி மூடினால் சார்ஜ் நிற்கும் என்று நம்புகிறவர்களும் உண்டு. ஏன் இப்படி என்று ஒரு தடவை தோன்றிவிட்டால் ஜஹானாரா அதன் அடி வரை போகாமல் விடமாட்டாள். ஜாவித்துக்கு அதில் கொஞ்சம் சலிப்பு, நிறையப் பெருமை.

ஒரு ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை ரங்கநாதன் கடைக்கு வந்தார். ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதிக்காரர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருமண், சட்டைப் பையில் போன். பொன்மலை ரயில்வே மைதானத்தில் ஆட்டம் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்ட கால்பந்துப் பைத்தியம் அவருக்கு இன்றும் விடவில்லை.

“இதுல ஒரு கோளாறும்மா” என்று போனை மேஜையில் வைத்தார். “சனிக்கிழமை சாயந்தரம் பெருமாளைச் சேவிச்சுட்டு வந்து டிவி முன்னாடி ஒக்காந்துக்கறேன். வெளிநாட்டு லீக் ஆட்டம். டிவியில பந்து இன்னும் நடு மைதானத்துல உருண்டுண்டு இருக்கு, அதுக்குள்ள பாக்கெட்ல இது டிங்குங்கறது. எடுத்துப் பார்த்தா கோல்! நிஜமாவே கொஞ்ச நேரம் கழிச்சு அவன் கோல் போடறான். ஜோசியம் மாதிரி இருக்கு.”

“அந்த ஆப்போட நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணிடலாம் சார். ஒரு நிமிஷம்.”

“நிறுத்தறதுக்கு எனக்கே தெரியும்மா. அதுக்காகவா காவேரிப் பாலம் தாண்டி வந்தேன்? இதுக்கு எப்படி முன்னாடியே தெரியறதுங்கறதுதான் கேள்வி.”

இப்படிக் கேட்ட வாடிக்கையாளர் பதினொரு வருஷத்தில் அவர் ஒருவர்தான். ஜஹானாரா நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் இருவரும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். ரங்கநாதன் ஸ்ரீரங்கத்தில் டிவி முன்னால். ஜஹானாரா கடையில், ஒரு போனில் அந்த ஸ்கோர் ஆப், இன்னொன்றில் அதே ஆட்டம் நேரலையாக ஓடுகிறது, மூன்றாவது போனில் ரங்கநாதன் லைனில். லேப்டாப்பில் ஸ்டாப்வாட்ச். முப்பத்தோராம் நிமிஷம் ஆப் டிங்கென்றது. அவள் ஸ்டாப்வாட்சைத் தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆச்சும்மா, போட்டுட்டான்!” என்று ரங்கநாதன் கத்தினார். இருபத்து நாலு செகண்ட். அவள் கையிலிருந்த போனில் அதே பந்து வலைக்குள் போனபோது ஐம்பத்தோரு செகண்ட் ஆகியிருந்தது.

“ஒரே கோல், மூணு நேரத்துல” என்றாள் அவள்.

“நமக்கு ஒண்ணும் கிடைக்கப்போறதில்லையே, இதைக் கண்டுபிடிச்சு?” என்றார் ஜாவித், ஒரு டிஸ்ப்ளேக்குப் பசை தடவிக்கொண்டே.

“இல்லதான். இருந்தாலும் ஏன்னு தெரியணும்ல?”

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடிப் படித்து, திங்களன்று ரங்கநாதனுக்கு போனில் விளக்கினாள். படம் பெரிய சரக்கு. அதைச் சுருக்கி, சாட்டிலைட்டுக்கு ஏற்றி, இறக்கி, பிரித்துக் காட்ட நேரம் பிடிக்கும். இன்டர்நெட்டில் வரும் படம் நடுவில் நின்றுவிடக் கூடாதென்று இன்னும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு விடுவார்கள். ‘கோல்’ என்பது ரெண்டே எழுத்துச் செய்தி. ஒரே தாவலில் வந்துவிடும்.

“புரியறது” என்றார் ரங்கநாதன். “புறப்பாட்டுல திருச்சின்னம் ஊதற சத்தம் முன்னாடியே வந்துடும், பெருமாள் ஆடி அசைஞ்சு பின்னாடி எழுந்தருளுவார். அது மாதிரி. சரி, இங்க திருச்சின்னம் ஊதறது யாரு?”

ஜஹானாரா, கேமரா பார்த்துக் கணக்குப் போடும் ஏதோ மெஷின் என்றுதான் நினைத்திருந்தாள். அப்படித்தான் சொல்லவும் சொன்னாள். ஆனால் அடுத்த வாரம் வந்த கோல் அந்த நினைப்பைக் கலைத்துவிட்டது. ஆப்பில் கோல் போட்டவர் பெயராக வந்தது கோல்கீப்பர் பெயர்! பத்து செகண்டில் அது அழிந்து வேறு ஆட்டக்காரரின் பெயர் வந்தது. அணிப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். கோல்கீப்பர் சட்டையில் நம்பர் ஒன்று. கோல் போட்டவர் சட்டையில் பதினொன்று.

“ஏங்க, இது மெஷின் இல்லைங்க” என்று எழுந்தே விட்டாள். “யாரோ ஒண்ணை ரெண்டு தடவை அழுத்தறதுக்குப் பதிலா ஒரு தடவை அழுத்திட்டாங்க. பின் நம்பர் போடறப்ப நம்ம கஸ்டமர்ங்க பண்ற அதே தப்பு. ஒரு மனுஷன் உட்கார்ந்து விரலால அழுத்திக்கிட்டு இருக்கான்!”

ஆப்பின் அடியில் சின்ன எழுத்தில், ஆட்ட விவரங்களைத் தருகிற கம்பெனியின் பெயர் இருந்தது. அதன் உதவிப் பக்கத்துக்குப் போய், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினாள்: கோலை அழுத்துவது ஒரு ஆளா? ஆள்தான் என்றால் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? அந்த ஒன்று-பதினொன்று விஷயத்தையும் தன் போன் நம்பரையும் சேர்த்தாள்.

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம் பெங்களூரிலிருந்து போன் வந்தது. பேசியவர் சித்தார்த், அந்தக் கம்பெனியின் இந்தியப் பிரிவில் ஆட்டங்களைப் பார்த்துக்கொள்பவர். அம்மா வழியில் தமிழ் தெரியும்.

“மேடம், உங்க மெயில எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினோம். ஆள்தான். ஸ்டேடியத்துல உட்கார்ந்து, கண்ணால பார்த்து, ஒவ்வொரு பாஸும் ஒவ்வொரு கோலும் எங்க ஆப்ல அழுத்துவாங்க. அன்னைக்கு அழுத்தினவர் விரல் வழுக்கிடுச்சு. நீங்க ஃபுட்பால்ல இருக்கீங்களா?”

“இல்லைங்க. மொபைல் கடையில இருக்கேன்.”

எதிர்முனையில் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சித்தார்த் மெதுவாகக் கேட்டார். தை மாதத்தில் திருச்சி அண்ணா ஸ்டேடியத்தில் பெண்கள் லீக் ஆட்டங்கள் நடக்கப்போகின்றன. மாதச் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரிகள், ஆறு அணிகள். அழுத்துவதற்கு அந்த ஊரில் ஆள் கிடைக்கவில்லை. பயிற்சி ஆன்லைனில் தருவார்கள், பரீட்சை உண்டு. முயன்று பார்க்கிறீர்களா?

அன்று மாலை கடையில் ஜாவித் விழுந்து விழுந்து சிரித்தார். “ஜஹானா, ஒரு டீம்ல எத்தனை பேருன்னு தெரியுமா உனக்கு?”

“பதினொண்ணு.”

“ஆஃப்சைடுன்னா?”

அவள் ரிப்பேருக்கு வந்த போன்களைக் கண்ணாடி மேஜை மேல் வரிசையாக அடுக்கினாள். கருப்பு கவர் ஒரு அணி, மற்றதெல்லாம் இன்னொரு அணி, அழிரப்பர்தான் பந்து. வீடியோ பார்த்துப் பார்த்து அந்தப் போன்களை நகர்த்தினாள். ரங்கநாதனுக்கு போன் போட்டுச் சந்தேகம் கேட்டாள். நாலாம் நாள் ஆஃப்சைடு என்றால் என்ன என்று ஜாவித்துக்கு அவளே புரியவைத்தாள். போனை வாங்கிப் போக வந்த ஒருவர், தன் போன் கோல்கீப்பராக நிற்பதைப் பார்த்துவிட்டு, ஆட்டம் முடிகிற வரை எடுக்காமல் நின்றார்.

முதல் பரீட்சையில் தோற்றாள். பழைய ஆட்டம் ஒன்றின் வீடியோவைப் பார்த்துத் தொண்ணூறு நிமிஷமும் அழுத்த வேண்டும். நூற்றுக்கு எண்பத்தைந்து வேண்டும். அவளுக்கு வந்தது எழுபத்தொன்று. கண்ணை எடுத்து பட்டனைத் தேடுகிற அந்த அரை செகண்டுக்குள் பந்து இரண்டு கால் மாறிப் போய்விடுகிறது. பட்டனைப் பார்க்காமல் அழுத்த வேண்டும். போன் திரையோ வழவழவென்று கண்ணாடி. எது எங்கே என்று விரலுக்கு எப்படித் தெரியும்?

இரண்டு நாள் யோசித்துவிட்டு, போன் திரை மேல் ஒட்டும் பிளாஸ்டிக் ஸ்க்ரீன் கார்டு ஒன்றைக் கத்தரியால் மிளகளவு மிளகளவாக வெட்டினாள். ‘பாஸ்’, ‘பறித்தல்’, ‘அடித்து வெளியேற்றல்’, ‘கோல்’ என்று முக்கியமான பட்டன்கள் வருகிற இடத்தின் ஓரத்தில் ஒவ்வொன்றாக ஒட்டினாள். இப்போது கட்டைவிரல் தடவியே கண்டுபிடித்தது. ஜாவித் வாங்கிப் பார்த்தார். “இது ஹார்டுவேர் வேலை. என் டிபார்ட்மென்ட்ல நுழைஞ்சுட்ட” என்றார். இரண்டாவது பரீட்சையில் தொண்ணூற்று இரண்டு.

தை மாதம் மூன்றாவது ஞாயிறு, மத்தியானம் மூன்றரை மணி ஆட்டம். மதியத் தொழுகையான லுஹரை முடித்துவிட்டு ஸ்டேடியத்துக்குப் போனாள். கேலரியின் மேல் வரிசையில் நிழலாக ஒரு இடம், முன்னால் ஒரு மேஜை, காதில் இயர்போன், அதில் பெங்களூரிலிருந்து சித்தார்த். கூட்டம் முன்னூறு பேர் இருக்கும். டிவியில் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பந்து காலில் படுகிற ‘தொப்’ கேட்டது. இங்கே எதுவும் தாமதமாக வரவில்லை என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

முதல் பாதி நன்றாகவே போனது. அறுபத்திரண்டாம் நிமிஷம் ஒரு ஃப்ரீ கிக். கூட்டத்துக்கு நடுவே எழும்பி நாலாம் நம்பர்க்காரி தலையால் முட்டினாள். வலை அசைந்தது. கேலரியே எழுந்தது. ஜஹானாராவின் கட்டைவிரல் தானாகவே போய்க் கோலை அழுத்தியது, நாலையும் அழுத்தியது, உறுதி என்பதையும் அழுத்தியது.

அப்புறம்தான் அந்தப் பக்கத்து லைன்ஸ்மேனின் கொடி மேலே நிற்பதைப் பார்த்தாள்.

“ஆஃப்சைடு” என்றாள்.

“கேன்சல் பண்ணுங்க மேடம். நிதானமா” என்றார் சித்தார்த்.

கேன்சல் செய்தாள். மொத்தம் ஒன்பது செகண்ட். ஆனால் அதற்குள் செய்தி போய்விட்டது, போனது போனதுதான். தன் விரலால் எங்கெங்கோ எத்தனையோ பைகளுக்குள் போன் டிங்கென்றிருக்கும் என்ற நினைப்போடு கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டாள். மீதி இருபத்தெட்டு நிமிஷமும் கொடியைப் பார்த்த பிறகே உறுதி செய்தாள். ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்தது.

மேஜையை மடக்கிக்கொண்டிருந்தபோது நாலாம் நம்பர்க்காரி படியேறி வந்தாள். ஜோதி, இருபத்து மூன்று வயது, பச்சைமலைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். முழங்கால் வரை மண். கையில் போன்.

“அக்கா, ஆப்ல அழுத்துறது நீங்கதானா?”

“ஆமாம்மா. அந்தக் கோல்... அது என் தப்பு. கொடியைப் பார்க்காம அழுத்திட்டேன். மன்னிச்சிக்கம்மா.”

“எனக்கு ஒண்ணும் இல்லக்கா. எங்க அம்மாதான்.” ஜோதிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. “எங்க ஊர்ல மேல தண்ணித் தொட்டிகிட்ட மட்டும்தான் சிக்னல் வரும். அங்க நின்னு போனையே பாத்துக்கிட்டு இருந்திருக்கு. என் பேர் போட்டு கோல்னு வந்திருச்சு. வந்ததும் கீழ ஊருக்கு ஓடிருச்சு, எல்லார்கிட்டயும் சொல்ல. கேன்சல் ஆனது வரவே இல்ல. இப்பத்தான் மறுபடி மேல ஏறி எனக்கு போன் பண்ணுது. வீடு வீடா வெல்லம் குடுத்துருக்காம்.”

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன். நம்பல. பொய் சொல்லாதடி, போன்லயே வந்துச்சுங்குது.”

ஜஹானாரா போனைக் கேட்டு வாங்கினாள். மறுமுனையில் இருந்தவர் ஜோதியின் அம்மா பொன்னுத்தாய். மலைக்காட்டில் மரவள்ளியும் தினையும் போடுகிறவர்.

“அம்மா, நான்தான் அதை அழுத்தினவ. என் பேரு ஜஹானாரா. அது கோல் இல்லம்மா. நான் அவசரப்பட்டுட்டேன். உங்க பொண்ணு மேல ஒண்ணும் இல்ல, என் விரல்தான்.”

காற்றின் இரைச்சலுக்கு நடுவே பொன்னுத்தாய், “அப்ப இன்னைக்கு எம் பொண்ணு ஒண்ணுமே பண்ணலயா?” என்று கேட்டார்.

“ஐயோ, இல்லம்மா. இருங்க, பாத்துச் சொல்றேன்.” தான் அழுத்திய பட்டியலைத் திறந்தாள். நாலாம் நம்பருக்கு எதிரே வரி வரியாகப் போய்க்கொண்டே இருந்தது. அழுத்தும்போது ஒவ்வொன்றும் ஒரு நொடி. இப்போது சேர்த்துப் பார்த்ததும் அவளுக்கே திகைப்பாக இருந்தது. “எதிர் டீம்காரங்ககிட்டருந்து பந்தை ஒன்பது தடவை பறிச்சிருக்காங்க. கோல்கிட்ட வந்த பந்தைப் பதினாலு தடவை அடிச்சு வெளியேத்தியிருக்காங்க. அவங்க இல்லேன்னா இன்னைக்கு டீம் தோத்திருக்கும்மா.”

“பதினாலு தடவையா?”

“பதினாலு.”

“அதுக்கு ஏம்மா ஒரு தடவைகூட போன் சத்தம் போடல?”

ஜஹானாரா பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாள். பக்கத்தில் ஜோதி கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் இதே கேள்விதான் என்பது முகத்தில் தெரிந்தது. மூன்று வருஷமாக லீக்கில் ஆடுகிறாள். அவள் பெயர் ஒரு போனில் தானாக வந்தது இன்றைக்குத்தான், அதுவும் தப்பாக.

கடைக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி ஜஹானாராவை விடவில்லை. ஆப்பை நோண்டிப் பார்த்தாள். கோல், கார்டு, ஆள் மாற்றம் இவற்றுக்கு மட்டும்தான் சத்தம். பறித்ததும் தடுத்ததும் உள்ளே இருக்கின்றன. ஆட்டம், அணி, பெயர் என்று நாலு தடவை தட்டிக்கொண்டே போனால்தான் கண்ணில் படும். சித்தார்த்துக்கு நீளமாக எழுதினாள். அவர் உடனே போன் பண்ணினார். “நாங்க எல்லாத்தையும் அனுப்புறோம் மேடம். எதுக்குச் சத்தம் போடணும்னு ஆப்காரங்கதான் முடிவு பண்றாங்க” என்றார். ஆப்காரர்களுக்கும் எழுதினாள். அங்கிருந்து இன்றுவரை பதில் இல்லை.

ஆட்டம் நடக்கும்போது வெளியே யாருக்கும் விவரம் சொல்லக் கூடாது என்பது கம்பெனி விதி. முடிந்த பிறகு சொல்லத் தடை இல்லை. அடுத்த இரண்டு ஆட்டத்துக்கும் விசில் ஊதியதும் பொன்னுத்தாய்க்கு ஒரு குரல் மெசேஜ் அனுப்பினாள்: இத்தனை பறிப்பு, இத்தனை தடுப்பு. பதிலாக மறுநாள் ஒரு குரல் மெசேஜ் வரும். பின்னணியில் கோழி கத்தும். “சரிம்மா. ஊர்ல சொல்லிட்டேன்.”

லீக்கின் கடைசி ஆட்டத்துக்குப் பொன்னுத்தாயே வந்துவிட்டார். மலையிலிருந்து இறங்க ஒரு பஸ், துறையூரில் மாறி இன்னொரு பஸ். ஸ்டேடியத்தில் நேராகப் படியேறி, ஜஹானாரா பக்கத்தில் ஒரு இருக்கை விட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து அவித்த மரவள்ளிக்கிழங்கை எடுத்து இலையோடு நடுவில் வைத்தார். போனை எடுக்கவே இல்லை.

ஆட்டம் தொடங்கியதும் ஜஹானாராவின் கண் மைதானத்தில், கட்டைவிரல் திரையில். பொன்னுத்தாயின் கண்ணும் மைதானத்தில்தான். அவர் கட்டைவிரலோ இடது கை விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டாவது பாதியில் மழை மாதிரி பந்து ஜோதியின் பக்கமே வந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜோதியின் அணி ஜெயித்தது. கோல் போட்டவள் ஒன்பதாம் நம்பர்க்காரி. கேலரியில் எல்லாரும் அவள் பெயரைக் கத்தினார்கள்.

விசில் ஊதியதும் பொன்னுத்தாய் திரும்பினார். “எத்தனைம்மா?”

“அடிச்சு வெளியேத்தினது பன்னெண்டும்மா.”

“பதிமூணு.”

“இல்லம்மா, பன்னெண்டு. இங்க பாருங்க, வரிசையா இருக்கு.”

“அந்த மஞ்சச் சட்டைப் புள்ள ஓடியாந்துச்சே, கோல் கம்பிகிட்ட. அப்ப எம் பொண்ணு விழுந்துகிட்டே கால நீட்டுச்சு. பந்து பக்கத்துல போச்சு. அதைப் போட்டியா?”

இயர்போனில் சித்தார்த் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “எந்த நிமிஷம்னு கேளுங்க மேடம். இங்க வீடியோ இருக்கு, ஓட்டிப் பாக்கறேன்.”

“நிமிஷமெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தக் கொடிக்காரர் தண்ணி குடிச்சாரே, அதுக்கு அடுத்தது” என்றார் பொன்னுத்தாய்.

ஜஹானாரா அதை அப்படியே சொன்னாள். பெங்களூரில் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. கீழே ஆட்டக்காரிகள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜோதி மேலே பார்த்துக் கையசைத்தாள். அம்மா கவனிக்கவில்லை, ஜஹானாராவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுபத்தி மூணாவது நிமிஷம்” என்றார் சித்தார்த். அவர் குரலில் சிரிப்பு இருந்தது. “நீங்க அந்த நேரத்துல முந்தின பாஸை அழுத்திக்கிட்டு இருந்திருக்கீங்க மேடம். அவங்க சொல்றது சரி. நாலாம் நம்பர், ஒரு க்ளியரன்ஸ் விட்டுப்போச்சு.”

ஜஹானாரா எழுபத்து மூன்றாம் நிமிஷத்தைத் திறந்து, நாலாம் நம்பரைத் தொட்டு, விட்டதைச் சேர்த்தாள். பன்னிரண்டு அழிந்து பதிமூன்று வந்தது. போனைத் திருப்பிக் காட்டினாள்.

பொன்னுத்தாய் கிட்டே குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, இலையில் மிச்சமிருந்த கிழங்கை அவள் பக்கம் நகர்த்தினார்.

“சாப்பிடும்மா. ஆளு ஒருத்திதான, ரெண்டு வேலை பாக்கணும். ஒண்ணு ரெண்டு விட்டுத்தான் போகும்.”